துணையா, பதிவா?

கிருமாம்பாக்கம் பிலவேந்திரனின் மகள் கிரேஸ் மேரிக்குப் பயம் பிடித்தது, எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று. அது எழுபத்திரண்டாம் வருஷம். தேறாமல் போயிருந்தால் எல்லாம் நேராக நடந்திருக்கும். மடுகரையில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். நிலம் இருந்தது, பம்பு செட் இருந்தது, முதல் மனைவி பிரசவத்துக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே செத்துப்போயிருந்தாள். படிக்காத பெண்ணாகப் பார்க்கச் சொல்லியிருந்தவர், கிரேஸ் மேரியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, தேறியிருந்தாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்தார்.

"நான் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போறேம்பா" என்றாள் கிரேஸ் மேரி. அதில் முக்கால்வாசி மடுகரைக்குப் போகாமலிருக்க. மீதி கால்வாசி என்னவென்று அவளுக்கே அப்போது தெரியாது.

பிலவேந்திரன் நல்ல மனிதர். பெண்ணை அடித்ததில்லை. "படி. யாரு வேணான்னது? ஆவணிக்குள்ள எடம் கெடைக்கணும். கெடைக்கலன்னா மடுகரை" என்றார்.

நர்ஸ் என்றால் இரண்டு வகை என்று அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்று துணைச் செவிலி, இரண்டு வருஷம். இன்னொன்று பதிவுச் செவிலி, மூன்றரை வருஷம். எது நல்லது என்று ஊர் ஊராகச் சைக்கிளில் வந்து ஊசி போடுகிற பவுனம்மாளிடம் கேட்டாள்.

"ரெண்டுலயும் திட்டு உண்டு பாப்பா" என்றாள் பவுனம்மாள், சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. "பதிவுன்னா டாக்டர் மட்டும் திட்டுவாரு. துணைன்னா டாக்டரும் திட்டுவாரு, பதிவும் திட்டும், ஊருல பொடவ கட்டன எல்லாரும் திட்டுவாங்க. உனுக்கு எது வசதி?"

"திட்டாத நர்சு இல்லியாக்கா?"

"இருக்கு. சிலுவைல தொங்குறாரே, அவரு பக்கத்துல மெழுகுவத்தி ஏத்திக்கினு நிக்கலாம். அதுக்குச் சம்பளம் இல்ல." பெடலை மிதித்துப் போய்விட்டாள்.

புதுச்சேரி டவுனில் செவிலியர் பயிற்சித் தேர்வு நிலையம் பிரெஞ்சுக்காரன் கட்டின ஒரு மஞ்சள் கட்டிடத்தில் இருந்தது. ஒவ்வொரு கதவும் இரண்டு ஆள் உயரம். உள்ளே போகிற எவரும் தான் குட்டை என்று உணரவேண்டும் என்பது கட்டினவன் எண்ணமாக இருந்திருக்கலாம். அந்த ஒரு வேலையை மட்டும் கட்டிடம் அன்றும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'செவிலியர்' என்று இருந்தது. மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

குமாஸ்தா பலராமன் தலையைத் தூக்காமல் கேட்டார். "துணையா, பதிவா?"

"அதான் சார் தெரியல. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு…"

"அது ஆலோசனை அறை."

ஆலோசனை அறைக்குப் போனாள். உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே பலராமன் வந்து அதில் உட்கார்ந்தார். அவளை முன்பின் பார்க்காதவர் போலப் பார்த்தார்.

"துணையா, பதிவா?"

"சார், அத தெரிஞ்சிக்கத்தான்…"

"இங்க பாரும்மா. துணைன்னு முடிவு பண்ணி வர்றவங்களுக்குத் துணையைப் பத்தி ஆலோசனை சொல்லுவோம். பதிவுன்னு வந்தா பதிவைப் பத்தி. முடிவு பண்ணாம வர்றவங்களுக்கு ஆலோசனை சொன்னா, நாங்க உன் முடிவுல தலையிட்டோம்னு ஆயிடும். அது தப்பு."

"அப்ப முடிவு பண்ணாதவங்க யார்கிட்ட கேக்கறது?"

"முடிவு பண்ணிட்டு வந்து கேக்கலாம்." பிறகு குரலைத் தணித்து, "ஒண்ணு ஞாபகம் வச்சிக்க. ஒருதரம் சொல்லிட்டா மாத்த முடியாது. போன வருஷம் ஒரு பொண்ணு துணைன்னு சொல்லிட்டு, பதிவுன்னு மாத்திக் கேட்டுச்சு."

"இன்னா ஆச்சு சார்?"

"இன்னும் கேட்டுக்கினுதான் இருக்கு. அதோ."

தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளி நூலும் ஊசியும். பின்னிக்கொண்டிருந்தது நீளமாகத் தரையில் இறங்கி, பெஞ்சின் அடியில் சுருண்டு கிடந்தது. கிரேஸ் மேரியைப் பார்த்து அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். கிரேஸ் மேரி இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

அந்த பெஞ்சின் மறு கோடியில் வில்லியனூரிலிருந்து வந்த தாஜ் நிஷா உட்கார்ந்திருந்தாள். மளிகைக்கடைக்காரர் மகள். அவளிடம் பயமே தெரியவில்லை.

"நான் பதிவு" என்றாள். "எங்க அத்தா பதிவுன்னு சொல்லி அனுப்பிச்சாரு."

"ஏனாம்?"

"அவருக்கும் தெரியாது. பேரு நல்லாருக்குதாம். பத்திரம் மாதிரி இருக்குதுன்னாரு."

மணி அடித்ததும் எல்லாப் பெண்களையும் கூடத்துக்கு அழைத்தார்கள். சூப்பரிண்டென்ட் மரியசுந்தரம் பேசுவதற்காக வந்தார். அந்த வெயிலிலும் கோட்டு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது கொம்யூன் ஆபீசில், பிறப்பு இறப்பு எழுதிக்கொண்டிருந்தவர். பிறப்பும் இறப்பும் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அவரை மருத்துவப் பக்கம் மாற்றியிருந்தார்கள்.

"கண்மணிகளே!" என்று ஆரம்பித்தார். "நோயாளி நமக்கு மிகவும் வேண்டியவன். அவன் இல்லையென்றால் இந்தக் கட்டிடம் ஏது, இந்த நாற்காலி ஏது? ஆனால் சதா அவனையே நினைத்துக்கொண்டிருந்தால் நிர்வாகம் நடக்காது. பதிவுச் செவிலி யார்? பொறுப்புள்ளவள். ஆகையால் ஏதாவது நடந்தால் அவளைக் கேட்போம். துணைச் செவிலி யார்? பொறுப்பு இல்லாதவள். ஆகையால் ஏதாவது நடந்தால், ஏன் பொறுப்பில்லாமல் இருந்தாய் என்று முதலில் அவளைக் கேட்போம். எங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறோம்."

பலராமன் கை தட்டினார். பெண்களும் தட்டினார்கள்.

"என் முப்பது வருஷ சர்வீசில் ஒரு நோயாளிகூட என் கையில் சாகவில்லை. எப்படி? நான் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது. கட்டுப்பாடு என்பது அதுதான். கடைசியாக ஒன்று. செவிலிக்குப் பயம் கூடாது. பயப்படுகிறவளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன்."

சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் வெளியே ஒரு ஜீப் நிற்கிற சத்தம் கேட்டது. மரியசுந்தரத்தின் முகம் வெளுத்தது. "டைரக்டரா? டைரக்டரா?" என்று பலராமனைக் கேட்டார். டைரக்டர் இல்லை, தண்ணீர் வரி ஆபீஸ் ஜீப் என்று தெரிந்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அடுத்தது செய்முறைத் தேர்வு. ஒரு இரும்புக் கட்டிலில் ஆளுயரத் துணிப்பொம்மை ஒன்று படுக்க வைக்கப்பட்டிருந்தது. அதுதான் நோயாளி. நோயாளி முனக வேண்டும். பொம்மைக்கு முனகத் தெரியாது. அதனால் கட்டிலுக்கு அடியில் பியூன் அய்யனாரைப் படுக்கப் போட்டிருந்தார்கள். அவர் காலையிலிருந்து "தண்ணி… தண்ணி…" என்று முனகிக்கொண்டிருந்தார்.

தாஜ் நிஷா போனாள். "யாராவது இவருக்குத் தண்ணி குடுங்க" என்று உரக்கச் சொன்னாள். பதிவுக்குத் தேறினாள். இன்னொரு பெண் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பொம்மையின் வாயில் ஊற்றினாள். பொம்மை நனைந்தது. துணைக்குத் தேறினாள்.

கிரேஸ் மேரியின் முறை வந்தது. கட்டிலுக்கு அருகே போனபோது, அந்த முனகல் நாடக முனகலாக இல்லை என்று அவளுக்குப் பட்டது. தொண்டை காய்ந்து கரகரத்தது. குனிந்து பார்த்தாள். அய்யனாரின் உதடு வெடித்திருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அவள் டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

மரியசுந்தரம் எழுந்துவிட்டார். "நோயாளி எங்கே இருக்கிறார்?"

"கீழ சார்."

"நோயாளி மேலே! நீ யாருக்குக் கொடுத்தாய்?"

"தாகமா இருந்தவருக்கு சார்."

"தாகம் நிலையத்தின் சொத்து அல்ல. பொம்மை நிலையத்தின் சொத்து." பலராமனிடம் திரும்பி, "எழுது. இடம் அறியாதவள்" என்றார்.

கிரேஸ் மேரி டம்ளரைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பஸ்ஸுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். மடுகரை பம்பு செட் சத்தம் காதில் கேட்டது. தாழ்வாரத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வாசல் படியில் அந்தப் பெண் ஏறி வந்தாள்.

நிறைமாதம். ஒரு கையால் சுவரையும் மறு கையால் புருஷனையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பாகூர்ப் பக்கத்து முகம். காலெல்லாம் வயல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. புருஷன் பெயர் தங்கவேல் என்றும் அவள் பெயர் அமுதம் என்றும் பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரிக்‌ஷா சங்கிலி அறுந்துவிட்டது. எதிரே பெரிய எழுத்தில் 'செவிலியர்' என்று பார்த்ததும் ஏறி வந்துவிட்டார்கள்.

"ஐயா, வலி கண்டுடுச்சிங்க. யாராவது வாங்க!" என்று கத்தினான் தங்கவேல்.

பலராமன் பழக்க தோஷத்தில் கேட்டார். "துணையா, பதிவா?"

"இன்னாங்க?"

சத்தம் கேட்டு மரியசுந்தரம் வந்தார். பார்த்தார். ஒரே பார்வையில் திரும்பித் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அதன் பிறகு உத்தரவுகள் கதவு வழியாக வந்தன.

"பலராமன்! இங்கே பிறந்தால் பிறந்த இடம் என்று இந்த நிலையத்தின் பெயரை எழுத வேண்டிவரும். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை!"

"இன்னா சார் பண்றது?"

"கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்!"

பலராமன் அமுதத்திடம் வந்து, "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு" என்றார். அமுதம் ஒரு அலறல் அலறினாள். பலராமன் கதவுக்குப் போய், "பொறுக்க மாட்டேங்குது சார்" என்றார்.

"எழுத்து மூலமாகச் சொல்லச் சொல்!"

கிரேஸ் மேரி ஓடிப்போகவே நினைத்தாள். அதைச் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அதற்குள் அமுதத்தின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. எலும்பு நொறுங்குகிற பிடி.

"உனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள் அமுதம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒண்ணுமே தெரியாதுக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"அப்பப் போயிடாத. எனுக்கும் பயமாத்தான் இருக்கு. இங்க பயப்படாதவன்லாம் கதவச் சாத்திக்கினான்."

கூடத்திலிருந்து தடதடவென்று ஒரு சத்தம். தாஜ் நிஷா அந்த இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தாள். மறுமுனையில் அய்யனார். கட்டில் வாசற்படியில் இடித்ததில் பொம்மை உருண்டு கீழே விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அமுதத்தைக் கட்டிலில் ஏற்றினார்கள். தங்கவேல் ஒரு மூலை, அய்யனார் ஒரு மூலை, தாஜ் நிஷா ஒரு மூலை. மற்றப் பெண்கள் கூடத்து வாசலை விட்டு நகரவில்லை; நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. கிரேஸ் மேரியின் கை அமுதத்திடம் இருந்தது.

ஒரு வருஷமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். ஊசியையும் நூலையும் பெஞ்சில் வைத்தாள். வந்து நாலாவது மூலையைத் தூக்கினாள்.

தெருவில் அந்தக் கட்டில் போனதைப் பார்த்து ஜனங்கள் பிணம் என்று நினைத்துத் தொப்பியையும் துண்டையும் எடுத்தார்கள். கட்டிலிலிருந்து அலறல் வந்ததும் சிதறி ஓடினார்கள். கிரேஸ் மேரி பக்கவாட்டில் தத்தித் தத்தி ஓடினாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. இவள் இப்போது செத்துப்போனால் இந்தக் கை என் கையை விடுமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். மாட்டு வண்டியில் போன மடுகரைக்காரி யார் கையையாவது பிடித்திருப்பாளா என்று அடுத்த நினைப்பு வந்தது. அதற்குத் திட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நுழைந்ததும் பனிக்குடம் உடைந்தது. வெள்ளைச் சேலை கட்டின நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள்.

"கூட யாரு?"

"நான் யாரும் இல்லக்கா."

"கை இருக்கில்ல? தோளப் புடிச்சித் தூக்கி உக்கார வை. அப்படியே. விட்டுடாத."

பிறகு நடந்தது எதுவும் கிரேஸ் மேரிக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. ரத்தம் பார்த்தாள். சேலையால் மறைத்துக்கொண்டு நின்ற தாஜ் நிஷாவின் முதுகைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது, பயமே இல்லாத முதுகு. நர்ஸ் எதையோ கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். அப்புறம் ஒரு கோபமான, மெல்லிய அழுகை. பெண் குழந்தை. அமுதம் அப்போதுதான் மணிக்கட்டை விட்டாள். அந்த நர்ஸ் துணையா, பதிவா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விசாரணை. டாக்டர் அல்போன்ஸ் தலைமையில் தேர்வுக் குழு கூடியது. கட்டிலை இழுத்தவள் தேறிவிட்டவள் என்பதால், தேறாத கிரேஸ் மேரியை நடுவில் நிற்க வைத்தார்கள். மேஜை மேல் பொம்மை கிடந்தது. கழுத்து கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது.

டாக்டர் அல்போன்ஸ் மிகுந்த வருத்தத்தோடு கேட்டார். "கட்டிலில் இருந்த நோயாளியைக் கீழே தள்ளியது யார்?"

"எந்த நோயாளிங்க?"

"இந்த நோயாளி. பதினோரு வருஷமாக இந்த நிலையத்தில் இருக்கிறார். இவரை வைத்து எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள்! ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி வந்ததில்லை."

"வலி வந்த அம்மாவக் கொண்டுபோவக் கட்டில் வேணும்னு…"

"அந்த அம்மாள் நம் நோயாளி அல்ல" என்றார் மரியசுந்தரம். "முன் அனுமதி இல்லாமல் வந்தவர்."

"அந்த அம்மா பொழச்சிட்டாங்க சார்" என்றாள் கிரேஸ் மேரி. "கொழந்தையும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்பதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து இருந்தது. டாக்டர் அல்போன்ஸ் பெருந்தன்மையாகக் கையசைத்தார். "போகட்டும். விதிப்படி கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவோம். துணையா, பதிவா?"

கிரேஸ் மேரி மேஜை மேலிருந்த பொம்மையைப் பார்த்தாள். "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேள்."

"ரிக்‌ஷா சங்கிலி அறுந்துபோன எடத்துக்கு யாரு சார் வருவாங்க? ஆஸ்பத்திரில இல்ல. வழியில. வூட்டுல. வண்டியே வராத ஊருல."

டாக்டர் அல்போன்ஸ் யோசித்தார். அந்த நிலையத்தில் அவளுக்கு நேராகக் கிடைத்த ஒரே பதில் அதுதான். "துணைச் செவிலி."

"தனியாவா?"

"தனியாகத்தான்."

"டாக்டரு பக்கத்துல இருக்க மாட்டாரா?"

"எதற்கு இருக்க வேண்டும்?"

கிரேஸ் மேரி தன் மணிக்கட்டைப் பார்த்தாள்; அமுதத்தின் விரல் பதிந்த தடம் இன்னும் இருந்தது. "அப்ப துணை சார்" என்றாள்.

"பயமில்லையே?"

"ரொம்பப் பயமா இருக்கு சார்."

மரியசுந்தரம் மேஜையைத் தட்டினார். "பார்த்தீர்களா! தகுதியில்லை!"

நிராகரிப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. பலராமன்தான் இருமினார். "சார், தள்ளணும்னா காரணம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். காரணம் எழுதினா நேத்து நடந்தது வரும். நேத்து நடந்தது வந்தா, கதவு சாத்தியிருந்தது வரும். டைரக்டர் படிப்பாரு."

மரியசுந்தரம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எடுக்கணும்னா?" என்று கேட்டார் டாக்டர் அல்போன்ஸ்.

"எடுக்கணும்னா காரணமே வேணாம் சார். என் கையெழுத்து போதும்."

அப்படித்தான் கிரேஸ் மேரி துணைச் செவிலி பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். தாஜ் நிஷா பதிவுக்குப் போனாள். பெஞ்சுப் பெண் அந்தக் கட்டிலோடு போனவள் நிலையத்துக்குத் திரும்பி வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள். பிலவேந்திரன் மடுகரைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, ரெண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் மகளுக்கு ஒரு தகரப்பெட்டி வாங்கிவந்தார்.

பயிற்சி முடித்து அவளைப் பூரணாங்குப்பம் பக்கம் போட்டார்கள். முதல் கேஸ் ஒரு மத்தியான நேரத்தில் வந்தது. மீனவக் குடிசை, கூரை தாழ்வு, உள்ளே அடுப்புச் சூடு. பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும், தலைச்சன். வீட்டுப் பெண்கள் எல்லாரையும் வெந்நீருக்கும் துணிக்கும் வெளியே அனுப்பிவிட்டு கிரேஸ் மேரி பையைத் திறந்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. எடுத்தாள். அது தட்டில் கடகடவென்று ஆடியது. படித்ததெல்லாம் தலையில் இருந்தது. கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

பாயில் கிடந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, உங்க கை இப்படி நடுங்குது? உங்களுக்கும் பயமா?"

கிரேஸ் மேரி கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஆமாடி" என்றாள். "முட்டியெல்லாம் தந்தி அடிக்குது. பரவால்ல. ரெண்டு பேரும் பயந்துக்கினே பெத்துடலாம், வா."

வெயில் தாழ்வதற்குள் பெற்றார்கள்.